கூடையில் போட்டவை

முப்பத்தொரு சதவீதத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நீலத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன, வாயில் எதையோ அடக்கி வைத்துக்கொண்டு கேட்டதற்குப் பதில் சொல்லாத ஆளைப் போல. சௌந்தரம் பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்காலைச் சேர்த்து வைத்து, கையை மடியில் கோர்த்து, பூசையில் உட்கார்ந்திருப்பது மாதிரி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பாத்துக்கிட்டு மட்டும் இரும்மா, எதையும் தொடாத, நூறு வந்ததும் அதுவா அணைஞ்சு அதுவா எந்திரிக்கும், நடுவுல மட்டும் ஸ்விட்சை அணைச்சிராத, மெஷின் செத்துரும், அப்புறம் என்னாலயே ஒண்ணும் பண்ண முடியாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மகன் ததேயு முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தான். பெங்களூரில் எவனுக்கும் அவன் தலை பிடிபடவில்லையாம், பொன்மலைப்பட்டிக் கடைத்தெருவில் சின்ன வயதிலிருந்து வெட்டுகிற கடைக்குத்தான் அந்தத் தலை வணங்குமாம். போகட்டும். உள்ளறையில் அவள் வீட்டுக்காரர் இன்னாசி மத்தியானச் சாப்பாட்டின் கனத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், மின்விசிறி அவர் குறட்டைக்கு ஒத்து ஊதியது. மூன்றேகால் மணி. சனிக்கிழமை. முப்பத்தொன்று. அப்படி என்னதான் செய்கிறது உள்ளே? பழைய கம்ப்யூட்டருக்குப் புதுப் புத்தி வைக்கிறோம்மா என்றான். காலையில் பெட்டியைத் திறந்து, பதினோரு வருஷத்துத் தூசியை வாயால் ஊதி, விரல் அகலத்தில் பச்சையாக ஒன்றை வாங்கி வந்து செருகினான், இதுதான் மெமரி, இனிமே இந்தக் கிழடு ஓடும் பாரு என்றான். கிழடு. யாரைச் சொன்னான்? பெட்டியைத்தான். பெட்டியைத்தான் சொல்லியிருப்பான். அப்புறம் இடம் பத்தலையே என்றான். இடம் பத்தவில்லை என்று அவன் சொன்னபோது அவள் அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். டம்ளரோடு அவள் வந்து நிற்பதற்குள் திரை ஓரத்துக் கூடை காலி.

கேட்டு வாங்கிக்கொண்டதும் அவள்தான், அதுதான் இன்னும் எரிந்தது. தெருப் பெண்கள் பதினோரு பேர் சேர்ந்த அன்பியத்தில் சாயங்காலச் செபமாலையை இப்போது வீடியோவில் சொல்கிறார்கள், அவரவர் வீட்டிலிருந்தபடி. போனில் பார்த்தால் முகமெல்லாம் கடுகு கடுகாகத் தெரிகிறது, புரை எடுத்த கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பெரிய திரையில் பார்க்கலாம் என்று இதைத் திறந்தால், உங்கள் கம்ப்யூட்டர் பழையது, இந்தப் புது சாப்ட்வேர் இதில் ஓடாது என்று ஒரு பெட்டி வந்து நின்றது. ததேயுகிட்டச் சொன்னாள். அடுத்த வாரம் வரேன்மா, சரி பண்ணித் தரேன் என்றான். வந்துவிட்டான், சரி பண்ணிவிட்டான். அவனைச் சொல்லி என்ன. இல்லை, அவனைத்தான் சொல்ல வேண்டும். கோயிலில் மாதா சுரூபத்தின் காலடியில் ஒரு மரப்பெட்டி உண்டு, மன்றாட்டுப் பெட்டி. மனசில் இருப்பதைச் சீட்டில் எழுதி, நாலாக மடித்துப் போட வேண்டும். யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்கள். வருஷக் கடைசியில் பங்குச் சாமியார் எல்லாவற்றையும் மண்சட்டியில் கொட்டி, தூபத்தோடு கொளுத்துவார், புகை மேலே போகும். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள், சௌந்தரம் அக்காவுக்கு என்ன குறை, எதுக்கு இவ்வளவு பெரிய சீட்டு என்று ஒருத்தி சிரிப்பாள். அப்போதுதான் கன்னியர் மடத்துச் சிஸ்டர் பிபியானா வீட்டுப் பெண்களுக்கு நாற்பது நாள் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார். பத்தாவது வரைக்கும் போன பள்ளிக்கூடம் முப்பது வருஷம் கழித்து மறுபடி கூப்பிட்ட மாதிரி இருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒற்றை விரலால் தமிழ் அடித்தாள், அம்மா, ஆடு, இயேசு. ஒருநாள் திரையின் ஓரத்தில் இருக்கிற கூடையைக் காட்டி, இது என்னங்க சிஸ்டர் என்று கேட்டாள். இதுல போட்டா உங்க கண்ணு முன்னால இருக்காதும்மா, ஆனா எங்கேயும் போயிடாது, உள்ளேயே பத்திரமா இருக்கும் என்றார் சிஸ்டர். அந்த வார்த்தை அப்படியே மனசில் உட்கார்ந்துவிட்டது. கண் முன்னால் இருக்காது, எங்கேயும் போகாது. மாதாவின் பெட்டி அதுதானே.

ததேயு வேலைக்குப் போனபிறகு கம்ப்யூட்டர் அவளுடையதாகிவிட்டது. பதினோரு வருஷம், சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். அடிப்பாள். சில நாள் ஒரு வரி, சில நாள் ஒரு பக்கம். யாருக்காகவோ அவருடைய போட்டோவையும் கூடச் சேர்ப்பாள், அதற்கும் சிஸ்டர்தான் வழி சொல்லிக் கொடுத்தார். பெயர் வைக்கச் சொல்லிக் கேட்கும்போது சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்து அன்றைக்கு எந்தப் புனிதரோ அவர் பெயரை வைப்பாள், ஒரே நாளில் இரண்டு என்றால் இரண்டாவதற்கு நம்பர். அப்புறம் மவுஸால் பிடித்து, மெதுவாக இழுத்துக்கொண்டு போய்க் கூடைக்குள் விடுவாள். ஒரு சின்னச் சத்தம் வரும், காகிதம் கசங்குகிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டதும் நெஞ்சில் ஒரு ஆணி கழன்ற மாதிரி இருக்கும், போய் அரிசி ஊற வைப்பாள். முப்பத்தாறு. நகர்ந்துவிட்டது. எப்போது நகர்ந்தது? கண்ணிமைக்கிற நேரத்தில் திருட்டுத்தனமாக நகர்கிறது. இவனும் அப்படித்தான், கண்ணிமைக்கிற நேரத்தில். என்னம்மா இது, குப்பைத் தொட்டிக்குள்ள ரெண்டாயிரத்து முந்நூத்து நாப்பத்தாறு பைல் கெடக்கு, ஒன்பது ஜிபி, இவ்வளவு குப்பையை வச்சுக்கிட்டா இது எப்படிம்மா ஓடும் என்று சிரித்தான். குப்பையா? குப்பைத் தொட்டியா அது? அது குப்பைத் தொட்டி என்று பதினோரு வருஷமாக அவளுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லாத்துக்கும் சாமி பேரு வேற, புனித அந்தோணியார் நாலு, புனித மோனிக்கா ரெண்டு, பக்திப் பாட்டா, அதெல்லாம் நெட்லயே கெடைக்கும்மா, காலி பண்ணிட்டேன். அவள் டீ டம்ளரை மேஜையில் வைத்தாள். டீ கொஞ்சம் சிந்தியது. சரிப்பா என்றாள். சரிப்பா. அந்த வார்த்தைதான் இப்போது தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. முழுங்கவும் முடியவில்லை, வெளியே எடுக்கவும் முடியவில்லை. சரிப்பாவாம். எது சரி? என்ன சரி? யாராவது வந்து அவள் கழுத்தில் கத்தியை வைத்தாலும் சரிப்பா என்றுதான் சொல்லுவாள் போலிருக்கிறது, கத்தி மழுங்கியிருந்தால் தீட்டிக் கொடுத்துவிட்டு.

ஒருவேளை படித்திருப்பானோ? ஒன்றைத் திறந்து பார்த்திருந்தால்? இல்லை, திறந்திருந்தால் முகத்தில் தெரியும், அவன் முகம் கண்ணாடி, சின்னதில் பக்கத்து வீட்டுக் கொய்யாவைத் திருடிவிட்டு வந்தால் கன்னம் துடிக்கும். பாட்டு என்றுதான் நினைத்தான். அம்மா என்றால் பாட்டு. அம்மா என்றால் செபம், டீ, சரிப்பா. நாற்பத்தேழு. சரி, எரித்ததாக நினைத்துக்கொண்டால் என்ன? சாமியார் வருஷா வருஷம் கொளுத்தும்போது யாரும் அழுவதில்லையே, இதுவும் அப்படித்தான், பதினோரு வருஷத்துச் சீட்டு ஒரே நாளில் மேலே போய்விட்டது, ஆண்டவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க நெஞ்சு லேசாக வேண்டும், ஆகவில்லை. தூபம் இல்லை, புகை இல்லை, ஒரு அமுக்கு, அவ்வளவுதான். அதுவும் இல்லை. உண்மையைச் சொல்லப்போனால் அதுவும் இல்லை. அதில் இருந்தது எல்லாம் மன்றாட்டு இல்லை. ஆரம்பத்தில் மன்றாட்டுதான், மகள் ரெஜினாவுக்கு நல்ல இடம் அமையணும், ததேயுவுக்கு வேலை நிலைக்கணும், இவருக்கு இருமல் நிக்கணும். அப்புறம் எப்போதோ, எப்போது என்று தெரியவில்லை, வழக்கு உள்ளே வந்துவிட்டது. சம்பந்தியம்மா பந்தியில் நாலு பேர் கேட்க, உங்க வீட்டுக் கறிக்குழம்புக்கு உப்பு வாங்க மறந்துட்டீங்களா என்று கேட்டது. அதற்கு அவள் சிரித்தாள், வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் அடித்தாள். இவர் ரிட்டயர் ஆன அன்றைக்கு ரயில்வே ஒர்க்ஷாப் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து போர்மேனுக்கு நன்றி, யூனியனுக்கு நன்றி, கேன்டீன்காரருக்கு நன்றி, ஏழாம் நம்பர் கேட்டில் சைக்கிளைப் பார்த்துக்கொண்டவருக்குக்கூட நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முன் வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள் அவள், முப்பத்தி நாலு வருஷம் விடியக்காலை நாலரைக்கு எழுந்து டிபன்கேரியர் கட்டியவள். நல்லாப் பேசினீங்க என்றாள். அன்றைக்குப் புனித மார்த்தா.

அந்தப் புனிதவதியும் அடுப்படியில்தான் கிடந்தாளாம், வாயைத் திறந்து கேட்டாளாம், என் சகோதரி என்னைத் தனியா வேலை செய்ய விட்டுட்டாளே, உமக்குக் கவலையில்லையா என்று. ஆண்டவர்கிட்டயே கேட்டாள். சௌந்தரம் யாரிடம் கேட்டாள்? கூடையிடம். ரெஜினாவுக்கு ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போனபோது கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் மகளுடைய தலையைத் தடவிக்கொண்டு, ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கிட்டார், அழாதம்மா என்று சொன்னது இந்த வாய்தான். எல்லாரும் பார்த்தார்கள், எவ்வளவு விசுவாசம் அந்தம்மாவுக்கு என்றார்கள். திரும்பி வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து, நீர் கொடுத்ததுமில்லை எடுத்ததுமில்லை, நீர் ஏமாற்றினீர், இதுக்கு நீர் எனக்குப் பதில் சொல்லணும் என்று அடித்தாள். அடித்து முடித்து நடுங்கிப்போய்க் கூடையில் போட்டாள். காகிதம் கசங்குகிற சத்தம் வந்தது. மறுநாள் காலையில் பூசைக்குப் போனாள், நற்கருணை வாங்கினாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் சிரிப்பார், உங்களுக்கென்னம்மா பாவம், கோழிக்குத் தீனி போட மறந்தீங்களா என்பார். தெருவில் சண்டை என்றால் சௌந்தரம் அக்காவைக் கூப்பிடு என்பார்கள். அவள் வந்து நின்றாலே குரல் இறங்கிவிடும். சாந்த சொரூபி என்று அன்பியத்தில் பேரே வைத்திருக்கிறார்கள். எங்கேயிருந்து வந்தது அந்தச் சாந்தம்? அதோ, அந்தத் திரை மூலையிலிருந்து. அவள் கோபப்பட வேண்டியதையெல்லாம் அது பட்டுக்கொண்டது. ரெண்டாயிரத்து முந்நூத்து நாப்பத்தாறு கோபத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் கிடந்தது. இப்போது வயிற்றைக் காலி பண்ணிவிட்டான். காலி பண்ணினால் எங்கே போகும்? ஒன்பது ஜிபி. அது எங்கே போகும்? வேறெங்கே, வந்த இடத்துக்குத்தான். அவளுக்குக் காது மடல் சுட்டது. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி, கத்திக்கொண்டு, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, கறிக்குழம்பும் பட்டுச்சேலையும் ஏழாம் மாதமும்.

மின்விசிறி நின்றது. குறட்டை மட்டும் தனியாகக் கேட்டது. மேஜைக்கு அடியில் யு.பி.எஸ். பீப் என்றது, மறுபடி பீப். கரண்டு போய்விட்டது. திரையில் அறுபத்துநாலு. பழைய பேட்டரி, அஞ்சு நிமிஷம் தாங்கினால் பெரிசு, அதற்குள் வரவில்லை என்றால் மெஷின் செத்துரும். அவள் வாய் தானாகத் திறந்தது, அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே. பீப். அருள் நிறைந்த மரியே வாழ்க. பீப். கரண்டு வரணும் மாதாவே, அவன் பாவம், லீவு போட்டுட்டு வந்து செஞ்சிருக்கான், வீணாப் போயிடக் கூடாது. மூன்றாவது மங்கள வார்த்தைச் செபத்தின் பாதியில் அவள் நாக்கு நின்றது. என்ன செய்துகொண்டிருக்கிறாள் அவள்? எதற்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள்? அவளுடைய பதினோரு வருஷத்தைத் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிற பெட்டி பிழைக்கணும் என்றா? அவன் பாவமா? அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டது. வாயை இறுக மூடினாள். பிறந்ததிலிருந்து அவள் ஒரு செபத்தையும் பாதியில் விட்டதில்லை, பிரசவ வலியில்கூட முடித்துவிட்டுத்தான் கத்தினாள். விட்டாள். பாதியில் விட்டாள். வரட்டும், வராமல் போகட்டும். பீப். பீப். அப்போது மின்விசிறி ஒரு முனகலோடு சுற்ற ஆரம்பித்தது. கரண்டு வந்துவிட்டது. பாதிச் செபத்துக்கே வந்துவிட்டது. அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை. கேட்டபோது தராத ஆண்டவர், வேண்டாமென்று வாயை மூடினால் ஓடி வந்து தருகிறார்.

எழுபத்தொன்று. இனி வேகமாகப் போகும் போலிருக்கிறது. ஸ்விட்ச் மேஜைக்கு அடியில் யு.பி.எஸ்.ஸின் முகப்பில் இருந்தது, கறுப்பு, ஓரத்தில் சமையல் பிசுக்கு. குனிந்து கையை நீட்டினால் எட்டும். நீட்டினாள். விரல் நுனியில் தூசி ஒட்டியது. மெஷின் செத்துரும். சாகட்டும். புனித பெர்னதெத்து நாளில் அடித்ததை அவள் நினைக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு நேரமாக மற்றதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள், இப்போது அது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம். கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டி, நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், எட்டு நாள் ஆகும் என்றார்கள். எட்டு நாள். ரெஜினா அப்புறம் பிறந்த கைக்குழந்தையோடு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். ததேயு ஆபரேஷனுக்கு முன்னாலேயே போன் பண்ணியிருந்தான், வரட்டுமாம்மா என்றான். வேண்டாம்ப்பா, உனக்கு வேலை, இங்க எல்லாரும் இருக்காங்க என்றாள். சரிம்மா என்றான். அவனும் சரி என்றுதான் சொன்னான், அவள் பிள்ளைதானே. மூன்றாம் நாள் காலையில் ஒருவன் வந்து பழக்கூடை ஒன்றை வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். கண்ணாடித் தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி, ஆப்பிள் ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள், நடுவில் இங்கிலீஷில் அச்சடித்த அட்டை. நர்ஸ் படித்துச் சொன்னாள், சீக்கிரம் குணமாகணும்னு போட்டிருக்கும்மா, மகனா, பரவாயில்லையே. அவனுக்கு லீவு கெடைக்கலம்மா, துடிச்சுப் போயிட்டான் என்றாள் சௌந்தரம். நர்ஸ், டாக்டர், பக்கத்துக் கட்டில்காரி, தரை துடைக்கிற அம்மா, எல்லாரிடமும் சொன்னாள், லீவு கெடைக்கல, லீவு கெடைக்கல. ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னால் வருவான் என்றுதானே சொன்னாள்? எந்தத் தாய்தான் வா என்று சொல்லுவாள்? நல்ல கட்டிதான் என்று வந்தது. வீட்டுக்கு வந்து, தையல் இழுக்க இழுக்க, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் அடித்தாள். கூடவே அவன் சின்னதில் புதுநன்மை, அதுதான் முதல் நற்கருணை, வாங்கிய போட்டோ, வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுதிரி, எண்ணெய் வழிகிற நெற்றி. இழுத்துக் கூடையில் போட்டாள். அதனால்தான் இந்த இரண்டு வருஷமும் அவன் வரும்போதெல்லாம் அவளால் மீன் வறுக்க முடிந்தது, தலைக்கு எண்ணெய் வைக்கட்டுமாடா என்று கேட்க முடிந்தது. விரல் ஸ்விட்சின் மேல் இருந்தது. எண்பத்திரண்டு. ஒரு அமுக்கு. அவனும் ஒரு அமுக்குத்தானே அமுக்கினான். அவன் வருவான், கறுத்த திரையைப் பார்ப்பான், ஐயையோ என்பான். அவள் என்ன சொல்லுவாள்? தெரியாம கை பட்டுடுச்சுப்பா என்பாள். அவன் தலையில் அடித்துக்கொள்வான், சிரிப்பான், சரி விடும்மா, உனக்கென்ன தெரியும், பாவம் நீ என்று மன்னித்துவிடுவான். அவன் அவளை மன்னிப்பான்! விரல் நின்றது. லீவு கெடைக்கல, கை பட்டுடுச்சு, நல்லாப் பேசினீங்க, சரிப்பா. இன்னொரு பொய், அதைப் போட்டு வைக்க இனிக் கூடையும் இல்லை. அவள் கையை எடுத்து, பிசுக்கைச் சேலையில் துடைத்தாள். மடியில் கோர்த்துக்கொள்ளவில்லை இந்தத் தரம். நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தொண்ணூறு. தொண்ணூற்றாறு. வா. வந்து சேரு. உனக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

திரை அணைந்து, தானாக எழுந்து, ஏதோ ஊரின் மலையும் ஏரியுமாக ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது ததேயு செருப்பைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். கழுத்தில் பவுடர், காதோரம் புதிதாக வெளுத்த தோல்.

"ஆகா, முடிஞ்சிருச்சா! கரண்டு போச்சே, நான் அங்க கடையில கெடந்து தவிச்சேன். நீ செபம் சொல்லியே ஓட்டியிருப்ப, என்ன?" அவன் நின்றபடியே மவுஸைப் பிடித்து அங்கும் இங்கும் அமுக்கினான். "பாத்தியாம்மா, எப்படிப் பறக்குது! இனிமே செபமாலை சொல்லு, சினிமா பாரு, என்ன வேணா பண்ணு. இங்க பாரு, உன் குப்பைத் தொட்டிகூடப் பளபளன்னு புதுசாயிருச்சு. இனிமேயாச்சும் எதையும் சேத்து வைக்காத."

"சேத்து வைக்கல," என்றாள் சௌந்தரம். "உக்காரு."

"இரும்மா, குளிச்சிட்டு வந்துர்றேன். உடம்பெல்லாம் முடி."

"உக்காருடா."

அவன் திரும்பிப் பார்த்தான். அந்தக் குரல் யாருடையது என்று தெரியாத மாதிரி வாசல் பக்கமும் ஒரு தரம் பார்த்தான். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீ வரல."

மலையும் ஏரியும் அவன் முகத்தில் நீலமாக அடித்தன.

"அம்மா... அது ரெண்டு வருஷம் ஆச்சேம்மா. நீதான வர வேணாம்னு சொன்ன?"

"சொன்னேன். எல்லார்கிட்டயும் லீவு கெடைக்கலன்னும் சொன்னேன். பொய். நீ வரல. பழத்தை அனுப்புன. எட்டு நாள் நல்லதா கெட்டதான்னு தெரியாம கெடந்தேன். நீ வரல."

"இத்தனை நாளு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா." அவன் கன்னம் துடித்தது.

"உன்கிட்டச் சொல்லல. அதுல சொல்லியிருந்தேன்." திரையின் மூலையை முகவாயால் காட்டினாள். "புனித பெர்னதெத்து. இன்னைக்குக் காலையில டீ குடிக்கிறதுக்கு முன்னால நீதான் காலி பண்ணுன."

ததேயு திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். அவன் உதடு எண்ணுவது போல அசைந்தது. "அம்மா," என்றான், "அந்த ரெண்டாயிரத்து முந்நூறும்...?"

"முந்நூத்து நாப்பத்தாறு."

உள்ளறையில் குறட்டை நின்றிருந்தது. கட்டில் கிறீச்சிட்டது. "ஏய் சௌந்தரம், யாருடி அது வீட்டுக்குள்ள சத்தம் போடுறது?" என்றார் இன்னாசி, தூக்கக் குரலில்.

"நான்தாங்க," என்றாள் அவள். "எந்திரிச்சு மூஞ்சியக் கழுவிட்டு நீங்களும் வந்து உக்காருங்க. இவனோடது முடிஞ்சதும் உங்களோடது. உங்களோடதுதான் நெறைய."